பாட்டி வைத்த பயறு சூப்: இத்தாலிய ஏழை வீட்டுப் பானையின் வரலாறு



இத்தாலியச் சாப்பாடு என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது பீட்சா. அடுத்தது வெள்ளைச் சாஸில் ஊறிய பாஸ்தா. இரண்டுமே கடைச் சாப்பாடு. இத்தாலியில் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம், சின்ன வயதில் உங்கள் வீட்டில் இரவுக்கு என்ன இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சூப்பின் பெயரைத்தான் சொல்வார். அதிலும் அடிக்கடி காதில் விழும் பெயர் ‘பாஸ்தா எ ஃபஜோலி’. பாஸ்தாவும் பயறும் என்று பொருள். பெயரைச் சொன்னாலே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது.

இந்தச் சூப்பைப் பற்றிப் பேசும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கும். பாட்டி, அடுப்பு, மழைக்கால இரவு என்று நினைவுகள் வரும். ஆனால் அந்தப் பாட்டி அதை ஆசைக்காக வைக்கவில்லை. வேறு எதுவும் வாங்க முடியாததால் வைத்தார். பிள்ளைகளுக்கு அன்பாக நினைவிருப்பது, சமைத்தவருக்குக் கணக்காக இருந்தது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில், நம் வீட்டு அடுப்பில் வைக்கும் முறையும் உண்டு.

மூன்று சொற்கள்

நாம் எல்லாவற்றையும் சூப் என்று சொல்லிவிடுகிறோம். இத்தாலியர்கள் பிரித்துச் சொல்வார்கள். ‘ப்ரோடோ’ என்றால் தெளிந்த சாறு. நம் ரசம்போல மேலாக இறுத்து எடுத்தது. ‘ட்ஸுப்பா’ என்றால் ரொட்டி ஊறிய சூப். பழங்காலத்தில் சாற்றில் நனைத்த ரொட்டித் துண்டுக்கே அந்தப் பெயர். ‘மினெஸ்ட்ரா’ என்பது ‘பரிமாறுதல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பானையிலிருந்து எடுத்து ஆளுக்கு இவ்வளவு என்று ஊற்றுவது. ஹோட்டல் பட்டியலில் நாம் பார்க்கும் ‘மினெஸ்ட்ரோனே’, அதாவது மினெஸ்ட்ரோன், ‘பெரிய மினெஸ்ட்ரா’ என்பதுதான். காய்கறி நிறையப் போட்டது.

சாப்பாட்டின் பெயரே ‘பரிமாறியது’ என்று இருப்பதைக் கவனியுங்கள். பல குடும்பங்களில் அதற்குப் பிறகு இன்னொரு பதார்த்தம் வராது. தட்டில் விழுந்ததுதான் அன்றைய சாப்பாடு.

பயறு வந்த வழி

ரோமானியர் காலத்திலேயே இத்தாலியில் பயறு உண்டு. ஆனால் அது இன்று சூப்பில் போடும் சிவப்புப் பயறு அல்ல. அவர்கள் தின்றது நம் தட்டைப்பயறு, அதாவது காராமணி. ஆப்பிரிக்காவிலிருந்து பரவிய பயறு அது. ரோம் நகரில் கொலொன்னா மாளிகையின் ஓவியக்கூடத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. அன்னிபலே கராச்சி 1580-களில் வரைந்தது. ஓர் உழைப்பாளி மேசைமுன் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து பயறை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறார். கையில் ரொட்டி, பக்கத்தில் வெங்காயத்தாள். கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. உற்றுப் பார்த்தால் பயறின் நடுவில் கறுப்புக் கண் தெரியும். நம் ஊர்ச் சந்தையில் படி கணக்கில் அளந்து தருவார்களே, அதே தட்டைப்பயறு.

கொலம்பஸ் 1492-இல் அமெரிக்கக் கரையைத் தொட்ட பிறகுதான் இன்றைய பயறு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நாம் ராஜ்மா என்று வாங்குவதும், இத்தாலியர்கள் ‘பொர்லொட்டி’ என்றும் ‘கன்னெல்லினி’ என்றும் சொல்வதும் ஒரே தாவர இனம். போப் ஏழாம் கிளெமென்ட் 1532-ஆம் ஆண்டு வாக்கில் பியேரியோ வலெரியானோ என்ற அறிஞருக்கு ஒரு கைப்பிடி விதை கொடுத்தார் என்றும், அவர் அதை வடக்கே தம் ஊரான பெல்லூனோ பக்கத்து மலைச்சரிவில் ஊன்றினார் என்றும் சொல்வார்கள். அந்தப் பகுதியில் உள்ள லாமோன் என்ற ஊரின் பயறுக்கு இன்றும் தனி மதிப்பு.

புதிய பயறு பழையதைவிட நிறைய விளைந்தது. சோளக் கொல்லையில் மக்காச்சோளத் தட்டையைப் பற்றிக்கொண்டு ஏறியதால், அதற்கென்று தனியாக நிலம் வேண்டியிருக்கவில்லை. காயவைத்தால் வருடம் முழுக்கக் கெடாது. ஏழை வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் பயறுக்கு ‘ஏழைகளின் இறைச்சி’ என்று பெயர் வந்தது. தொஸ்கானா பகுதி மக்களை மற்ற ஊர்க்காரர்கள் ‘பயறு தின்னிகள்’ என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் வீட்டிலும் பானையில் பயறுதான் வெந்துகொண்டிருந்தது.

தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் அது சமையலறைக்குள் நுழைய இன்னும் நெடுங்காலம் ஆனது. நேப்பிள்ஸ் நகரில் வேலை பார்த்த அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690-களில் எழுதிய புத்தகத்தில்தான் தக்காளிச் சாஸின் பழைய செய்முறை கிடைக்கிறது. ஆகவே தக்காளி இல்லாமல் இந்தச் சூப்பை வைத்தால் அது குறையில்லை. பல வட இத்தாலிய வீடுகளில் இன்றும் அப்படித்தான்.

உடைந்த பாஸ்தா

பாஸ்தா எப்போதும் ஏழைகளின் உணவாக இருந்ததில்லை. நேப்பிள்ஸ் மக்களுக்குப் பழைய பட்டப்பெயர் ‘இலை தின்னிகள்’. கீரையும் கோஸும்தான் அவர்கள் பிழைப்பு. 17-ஆம் நூற்றாண்டில் மாவு பிசையவும் பிழியவும் இயந்திரங்கள் பரவலாக வந்தன. பாஸ்தாவின் விலை இறங்கியது, இறைச்சி எட்டாக்கனியானது. அதன்பிறகு பட்டப்பெயரும் ‘மக்ரோனி தின்னிகள்’ என்று மாறியது.

அப்போதும் முழுப் பாஸ்தா எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை. அந்த நாளில் கடைகளில் பாஸ்தாவைப் பெட்டியிலும் இழுப்பறையிலும் கொட்டிவைத்து எடை போட்டு விற்றார்கள். அடியில் உடைந்த துண்டுகள் தங்கிவிடும். குட்டை, நெட்டை, குழல், நாடா என்று எல்லாம் கலந்து கிடக்கும். கடைக்காரர் அதைக் கூட்டிச் சேர்த்து மலிவாகக் கொடுப்பார். நம் ஊரில் நொய் விற்ற மாதிரி. நேப்பிள்ஸ் வீடுகளில் பயறு சூப்புக்குப் போனது அந்த நொறுங்கிய பாஸ்தாதான். ஒன்று குழைந்திருக்கும், ஒன்று பல்லுக்குத் தட்டுப்படும். அதுவே பிறகு ருசியாகப் பழகிவிட்டது. இன்று பெரிய ஆலைகள் வேண்டுமென்றே பல வடிவங்களைக் கலந்து ‘பாஸ்தா மிஸ்தா’ என்று பாக்கெட் போட்டு விற்கின்றன. விலையும் மலிவில்லை.

பாதி விளைச்சலில் ஒரு பானை

நடு இத்தாலியில், குறிப்பாகத் தொஸ்கானாவில், நூற்றாண்டுக் கணக்காக வாரச் சாகுபடி முறை இருந்தது. அங்கே அதற்கு ‘மெட்ஸாத்ரியா’ என்று பெயர். நிலம் ஒருவருடையது, உழைப்பு ஒரு குடும்பத்துடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நல்ல கோதுமையும் எண்ணெயும் ஒயினும் பங்காகப் போகும், கடனுக்காகவும் போகும். குடும்பத்தின் கையில் மிஞ்சியதை வைத்து அடுத்த அறுவடை வரை ஓட்ட வேண்டும். புதிதாக இப்படி ஒப்பந்தம் போடக் கூடாது என்று இத்தாலி சட்டம் போட்டது 1964-இல்தான். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வீடுகளின் பானையைப் பார்த்தால் எதுவும் வீணானதில்லை என்பது தெரியும். குளிர்காலத்தில் பன்றி வெட்டுவார்கள். அதன் கொழுப்பை உப்பிட்டு வைத்து, ஆண்டு முழுக்க ஒரு துண்டு ஒரு துண்டாக நறுக்கித் தாளிப்பார்கள். வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக அரிந்து கொழுப்பில் வதக்குவது முதல் வேலை. நமக்குக் கடுகும் கறிவேப்பிலையும் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. சீஸைத் துருவி முடித்தபின் மிஞ்சும் கெட்டித் தோலைத் தூக்கிப் போடமாட்டார்கள். சூப்பில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். பயறை ஒயின் குடுவைக்குள் போட்டு, அணையப் போகும் அடுப்பின் தணலில் இரவு முழுக்க விட்டுவைப்பதும் உண்டு. விறகும் மிச்சம், விடிந்தால் பயறும் வெந்திருக்கும். முந்தின நாள் சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுபடி கொதிக்கவைத்தால் அதற்கு ‘ரிபொல்லீத்தா’ என்று பெயர். ‘மறுபடி கொதித்தது’ என்று பொருள். இன்று ஃப்ளாரன்ஸ் நகர உணவகங்களில் சுற்றுலாப் பயணிகள் அதை விரும்பிக் கேட்டுச் சாப்பிடுகிறார்கள்.

கோழி மட்டும் அபூர்வம். ‘ஏழை வீட்டில் கோழி வெந்தால், ஒன்று அவனுக்கு நோய், இல்லை கோழிக்கு நோய்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். முட்டையும் சந்தைக்குத்தான் போகும்.

பயறு இல்லாத வீட்டில் நடந்தது

ஒரு கைப்பிடி பயறு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை வட இத்தாலியின் கதை காட்டும். அங்கே 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஏழைகள் மூன்று வேளையும் மக்காச்சோளக் களியையே, அதாவது பொலெந்தாவையே, தின்று வாழ்ந்தார்கள். தோல் கறுத்து உரியும், வயிறு கெடும், கடைசியில் புத்தி பேதலிக்கும். ‘பெல்லாக்ரா’ என்று அந்த நோய்க்குப் பெயர். 1881-இல் அரசு எடுத்த கணக்கில் இந்நோய் கண்டவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். மனநோய் விடுதிகளில் இடமில்லாமல் போயிற்று. கெட்டுப்போன சோளத்தால் வருகிறது என்று அந்நாளைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914-ஆம் ஆண்டு தொடங்கி அநாதை இல்லங்களில் ஆராய்ந்து, இது தொற்றுநோய் இல்லை, உணவுக் குறைபாடு என்று காட்டினார். பால், முட்டை, இறைச்சி, பயறு சேர்த்ததும் குழந்தைகள் தேறினார்கள். குறைந்தது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-இல் உறுதியானது. களியோடு பயறும் பாலும் கிடைத்த வீடுகள் தப்பித்தன. களி மட்டுமே கிடைத்த வீடுகள் மாட்டிக்கொண்டன.

பாஸ்தாவும் பயறும் சேர்வதிலும் கணக்கு இருக்கிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறைவான மெதியோனினைக் கோதுமை ஈடுகட்டும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லிக்கு நம் ஊர் மருத்துவர்கள் சொல்லும் அதே காரணம்தான். அந்தப் பாட்டிமாருக்கு லைசினும் தெரியாது, மெதியோனினும் தெரியாது. இதைச் சாப்பிட்டால் பிள்ளை அடுத்த வேளை வரை பசிக்கிறதென்று அழாது என்பது தெரியும்.

புத்தகத்தில் ஏறிய கதை

இந்தச் சமையல் எல்லாம் கையிலிருந்து கைக்குப் போனது. எழுதிவைக்க எழுத்தும் தெரியாது, எழுதத் தேவையும் இருக்கவில்லை. சமையல் புத்தகங்கள் அரண்மனைச் சமையல்காரர்களுக்கானவை. அதை மாற்றியவர் பெல்லெக்ரீனோ அர்தூஸி. சமையல்காரர் இல்லை, ஃப்ளாரன்ஸில் பட்டு வியாபாரம் செய்தவர். பதிப்பாளர்கள் கைவிரித்ததால், 1891-இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், சொந்தச் செலவில் தம் புத்தகத்தை அச்சிட்டார். வீட்டுச் சமையலைப் பற்றிய புத்தகம். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். படித்த பெண்கள் பல ஊர்களிலிருந்தும் கடிதம் எழுதினார்கள். எங்கள் வீட்டில் இப்படிச் செய்வோம் என்று செய்முறை அனுப்பினார்கள். அவர் வீட்டில் சமைத்துப் பார்த்து, சரிவந்ததைச் சேர்த்துக்கொண்டே போனார். எண்ணிக்கை 790-ஐ எட்டியது. 1911-இல் இறந்தபோது புத்தகத்தின் உரிமையை, தம் சமையலறையில் அத்தனையையும் சமைத்துப் பார்த்த இரண்டு பணியாளர்களுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தில் மினெஸ்ட்ரோனேவுக்கு முன்னால் ஒரு சம்பவம் சொல்கிறார். 1855-ஆம் ஆண்டுக் கோடை. லிவோர்னோ துறைமுக நகரில் ஓர் உணவகத்தில் மினெஸ்ட்ரோனே சாப்பிடுகிறார். அன்று இரவு வயிறு கலங்கி உயிர் போய் உயிர் வருகிறது. பாழாய்ப்போன மினெஸ்ட்ரோனே என்று திட்டிக்கொண்டே மறுநாள் ஃப்ளாரன்ஸ் திரும்பிவிடுகிறார். அதன்பிறகு சேதி வருகிறது: லிவோர்னோவில் காலரா. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரே இறந்துவிட்டார். பழி சூப்பின்மேல் இல்லை என்று தெரிந்த பிறகு, அதையே பலமுறை வைத்துப் பார்த்துத் தம் வாய்க்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு, செய்முறையைத் தருகிறார். அதோடு, உங்கள் ஊர் வழக்கப்படி நீங்களும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இந்தச் சூப்பின் இயல்பைப் புரிந்துகொண்டவர் சொல்லும் வார்த்தை அது.

கடல் கடந்த பானை

1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் இத்தாலியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அர்ஜென்டினா, பிரேசில், அமெரிக்கா, அண்டை ஐரோப்பிய நாடுகள். பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பயறு வேகவைக்கத் தெரிந்த கை இருந்தது. நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் இந்தச் சூப் மறுபடி கொதித்தது. நேப்பிள்ஸ் பேச்சில் பயறுக்கு ‘ஃபசூலெ’ என்று பெயர். அதுவே அமெரிக்க வாயில் ‘ஃபசூல்’ ஆயிற்று. 1953-இல் டீன் மார்ட்டின் பாடிப் புகழ்பெற்ற ஒரு காதல் பாட்டில்கூட இந்தச் சூப்பின் பெயர் வருகிறது.

பேரப்பிள்ளைகளுக்கு இத்தாலி மொழி மறந்துபோனது, சூப் மறக்கவில்லை. அமெரிக்காவில் ரொன்சோனி நிறுவனம், சாற்றில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் குட்டி நட்சத்திரப் பாஸ்தாவை இனி தயாரிக்கப்போவதில்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்தது. காய்ச்சல் வந்தால் அம்மா கொடுத்தது அதுதான் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1942 மார்ச்சில் இத்தாலியில் ஒருவருக்கு ஒரு நாள் ரொட்டிப் பங்கீடு 150 கிராமாகக் குறைந்தது. அந்தப் பசியைக் கண்டவர்களில் பலர், 1960-களில் கையில் காசு வந்ததும், பயறையும் களியையும் ஒதுக்கிவைத்து இறைச்சி வாங்கினார்கள். ‘அதைத் தின்றது போதும்’ என்பது அவர்கள் நியாயம். நட்சத்திர உணவகத்தில் அதே சூப்பைப் பேரன் ரசித்துச் சாப்பிடும்போது பாட்டி ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பது இந்த வரலாறு தெரிந்தால்தான் புரியும். இரண்டு பேர் நினைவும் உண்மைதான்.

நீங்களும் வைத்துப் பார்க்க

நாலு பேருக்கு: ராஜ்மா 250 கிராம், சிறிய பாஸ்தா 150 கிராம் (நீளமானது இருந்தால் உடைத்துக்கொள்ளுங்கள்), வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, செலரித் தண்டு ஒன்று, பூண்டு இரண்டு பல், பழுத்த தக்காளி இரண்டு, ஆலிவ் எண்ணெய் நாலு மேசைக்கரண்டி, ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு கொத்து.

1. ராஜ்மாவை இரவே ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு குக்கரில் மெத்தென்று வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

2. வெங்காயம், கேரட், செலரியைப் பொடியாக அரிந்து எண்ணெயில் சிறு தீயில் 10 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது. பூண்டு, ரோஸ்மேரி, தக்காளி சேர்த்துச் சுருளவிடுங்கள்.

3. வெந்த ராஜ்மாவில் பாதியை மசித்து, மீதியை முழுசாக, வேகவைத்த தண்ணீரோடு ஊற்றுங்கள். உப்புப் போட்டு 15 நிமிடம் கொதிக்கட்டும். சூப் கெட்டிப்படுவது மசித்த பயறால்தான். மாவு கரைத்து ஊற்ற வேண்டாம்.

4. பாஸ்தாவை அதிலேயே போட்டு வேகவிடுங்கள். தண்ணீர் வற்றினால் வெந்நீர் சேருங்கள். இறக்கி 10 நிமிடம் மூடிவையுங்கள். கரண்டியை நட்டால் நிற்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கணக்கு.

5. மேலே மிளகுப் பொடியும் கொஞ்சம் பச்சை ஆலிவ் எண்ணெயும் போதும். சைவக் குடும்பத்தினர் கவனத்துக்கு: அசல் பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்வது. பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள், அல்லது சீஸையே விட்டுவிடுங்கள்.

செலரி கிடைக்கவில்லையா? விடுங்கள். ராஜ்மா இல்லை, தட்டைப்பயறுதான் இருக்கிறதா? தாராளமாகப் போடுங்கள், ரோமானியர்கள் சாப்பிட்டதே அதுதான். வீட்டில் இருப்பதைப் போடுவதுதான் இந்தச் சூப்பின் ஒரே விதி.

கடைசியாக ஒன்று. அர்தூஸியின் புத்தகம் பெருத்தது, யாரோ சில பெண்கள் தங்கள் வீட்டுச் சமையலை ஒரு தாளில் எழுதித் தபாலில் போட்டதால். எழுதாதவர்களின் சமையல் அவர்களோடு போய்விட்டது. உங்கள் வீட்டுப் பெரியவர் பஞ்ச காலத்தில் வைத்த ஒரு குழம்போ கஞ்சியோ இருந்தால், அளவோடு கேட்டு, எழுதி, அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அதை ஏன் அப்படி வைத்தார் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.